ஆயிரத்தொரு நாள்

பி.காம். படித்தவனுக்கு ஒரு தொல்லை உண்டு சார். தெருவில் யார் வீட்டுக் கணக்கு உதைத்தாலும் கூப்பிட்டு விடுவார்கள். வட்டிக் கணக்கு, சீட்டுக் கணக்கு, மொய்க் கணக்கு எல்லாம் பார்த்தாயிற்று. போன ஞாயிறு பொத்தேரியில் என் வீட்டு ஓனர் கொண்டுவந்தது ஜெயில் கணக்கு.

"தம்பி, நம்ம மச்சானுக்கு மூணு வருஷம் போட்டுட்டாங்க. முன்னாடி ரிமாண்டுல 94 நாள் இருந்தான். அது கழியுமா?"

வேலித் தகராறு. மச்சான் தள்ளினார், எதிராளி கல்லில் விழுந்தார், மறுநாள் போய்விட்டார். கொலை இல்லை, ஆனால் மரணம் விளைவிக்கும் குற்றம் என்று 304, இரண்டாம் பாகத்தில் தண்டனை. இப்போது அப்பீல், ஜாமீன்.

"கழியும் அய்யா" என்றேன். அக்கவுண்டன்ஸியில் இதற்குப் பெயர் ஸெட்-ஆஃப். வர வேண்டியதைக் கொடுக்க வேண்டியதில் நேர் செய்வது. சட்டத்திலும் அதே பெயர்தான்! 1973-ம் வருஷத்து குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 428-வது பிரிவு. 2024 ஜூலையில் வந்த புதுச் சட்டத்தில் 468. அதே வழக்கில் தீர்ப்புக்கு முன் உள்ளே இருந்த நாளைத் தண்டனையில் கழித்துக்கொள்ள வேண்டும். (அபராதம் கட்டாமல் இருக்கும் ஜெயிலுக்கு இந்தச் சலுகை கிடையாது. கட்டிவிடுங்கள்.)

பேப்பரில் போட்டேன். 1095-ல் 94 போனால் 1001.

"அட, மொய் மாதிரி வருதே!" என்றார் ஓனர். அவர் சம்சாரம் முறைத்த முறைப்பில் நான் பேப்பரைப் பார்த்துக்கொண்டேன். அவங்க தம்பி ஆச்சே.

"அப்பீல்ல என்னத்தைத்தான் பேசுவாங்க?" என்று அந்தம்மா கேட்டார்.

இப்போதெல்லாம் ஜட்ஜ் காரணம் எழுதித் தீர்ப்புச் சொல்கிறார், அந்தக் காரணத்தில் ஓட்டை தேடலாம். ஜூரி இருந்த காலத்தில் அது முடியாது. ஜூரி காரணமே சொல்லாது. ஆகவே ஜட்ஜ் ஜூரிக்குச் சட்டத்தை எப்படி விளக்கினார் என்பதைத்தான் வக்கீல்கள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார்கள். 1959-ல் பம்பாயில் கடற்படை அதிகாரி நானாவதி, மனைவியின் காதலரைச் சுட்ட வழக்கில் எட்டுக்கு ஒன்று என்று ஜூரி குற்றமில்லை என்றது. ஜட்ஜ் அதை ஒப்பாமல் ஹைகோர்ட்டுக்கு அனுப்பினார். ஹைகோர்ட்டோ, ஜட்ஜ் ஜூரிக்குச் சொன்ன விளக்கமே பல இடத்தில் தப்பு என்று பிடித்து, தானே விசாரித்து, கொலைதான் என்று ஆயுள் தண்டனை போட்டது. திடீர் ஆத்திரத்தில் நடந்தது, கொலைக்குக் குறைந்த குற்றம்தான் என்ற வாதம் எடுபடவில்லை. 1961-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதையே உறுதி செய்தது.

"நம்மூர்ல பாகவதர் கேஸும் ஜூரிதானே?" என்றார் ஓனர்.

ஜூரிதான். 1944 நவம்பரில் பத்திரிகைக்காரர் லட்சுமிகாந்தன் சென்னையில் குத்துப்பட்டு இறந்தார். தியாகராஜ பாகவதரும் கலைவாணரும் கைதானார்கள். 1945-ல் ஜூரி பெரும்பான்மையாகக் குற்றவாளி என்றது. ஹைகோர்ட் அப்பீல் தோற்று, லண்டன் ப்ரிவி கவுன்சில் வரை போய், அது திருப்பி அனுப்பி, 1947-ல் ஹைகோர்ட்டே இருவரையும் விடுவித்தது. அவர் உள்ளே இருந்தபோதும் வெளியே 'ஹரிதாஸ்' ஓடிக்கொண்டிருந்தது, மூன்று தீபாவளி கண்ட படம். வெளியே வந்து அவர் எடுத்த 'ராஜமுக்தி' ஓடவில்லை. கலைவாணர் எழுந்துகொண்டார். பாகவதர் எழவில்லை, 1959-ல் போய்ச் சேர்ந்தார்.

அந்தம்மா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்:

"தண்டனைன்னா 94 நாளைக் கழிக்கிறாங்க. நிரபராதின்னு விட்டுட்டா, அந்த 94 நாளை எதுல கழிப்பாங்க தம்பி?"

பி.காம். மூளை நின்றுவிட்டது. கழிப்பதற்குத் தண்டனை இருக்க வேண்டுமே! குற்றவாளிக்கு வரவு உண்டு, நிரபராதிக்கு வரவு வைக்க ஏடே இல்லை. பாகவதரின் இரண்டு வருஷத்துக்கு மேற்பட்ட நாட்களும் அப்படித்தான் போயின. பீகாரில் ருதுல் ஷா என்பவர் விடுதலையான பிறகும் 14 வருஷம் உள்ளேயே கிடந்தார். அவருக்கு 1983-ல் சுப்ரீம் கோர்ட் போட்டது, முன்பு கொடுத்த ஐயாயிரத்தோடு இன்னொரு முப்பதாயிரம். தவறாக வழக்கில் சிக்கியவர்களுக்கு நஷ்ட ஈடு தரத் தனி ஏற்பாடு வேண்டும் என்று 2018-ல் சட்ட கமிஷன் 277-வது அறிக்கையில் எழுதியது. அறிக்கை அறிக்கையாக இருக்கிறது.

இதையெல்லாம் சொன்னேன். அந்தம்மா உள்ளே போய் ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்தார். திறந்தால், தினக் காலண்டரில் கிழித்த தாள்கள். தம்பி உள்ளே இருந்த ஒவ்வொரு நாளுக்கும் ஒன்று.

"எண்ணிப் பாருங்க தம்பி, ஓனர் கணக்கு எப்பவும் தப்பும்."

எண்ணினேன். 95 இருந்தது. கைதான நாளையும் சேர்த்துக் கிழித்திருக்கிறார். ஓனர் அந்த ஒரு நாளை மறந்துவிட்டார்.

பேப்பரில் 1001-ஐ அடித்து 1000 என்று எழுதிக் கொடுத்தேன்.