அடுப்பில் ஏற வந்த கிராஃபிக்ஸ் கார்டு



சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, அஸர் தொழுகைக்குப் பின்னர், என் பழைய மாணவர் ஒருவர் திண்டிவனத்திலிருந்து பேருந்து ஏறி விழுப்புரத்திற்கு என்னைத் தேடி வந்தார். கையில், துண்டில் சுற்றிய ஒரு பொருள். அவிழ்த்துப் பார்த்தால் கணினியின் கிராஃபிக்ஸ் கார்டு! திரையில் நாம் காணும் எழுத்தையும் படத்தையும் வரைந்து அனுப்பும் உறுப்பு அது.

அவருடைய துணைவியார் வீட்டிலிருந்தபடியே திருமண அழைப்பிதழ்களை வடிவமைத்துக் கொடுப்பவர். இடையிடையே தையல் வேலையும் உண்டு. பழைய கணினி ஒன்றை வாங்கி அதைக் கொண்டே சம்பாதிக்கிறார்கள். பத்து நாள்களாகக் கணினியை இயக்கிய கால் மணி நேரத்தில் திரை கறுத்துவிடுகிறதாம். இரண்டு அழைப்பிதழ் வேலைகள் பாதியில் நிற்கின்றன. புதுக் கார்டு வாங்கப் பணமில்லை.

"ஹஜ்ரத், இதை மின்னடுப்பில் 200 பாகை வெப்பத்தில் பத்து நிமிடம் வைத்தால் சரியாகிவிடும் என்கிறார்கள். கேக் சுடும் அடுப்பைத் தர வீட்டில் மறுக்கிறாள். ஹஜ்ரத் சொன்னால் தருகிறேன் என்றாள்" என்றார்.

கலைப்பிரிவில் பட்டம் பெற்று மதரஸாவில் பாடம் நடத்தும் எனக்கு இதில் என்ன தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். மதரஸாவின் கணினிகளைப் பல ஆண்டுகளாகத் துடைத்துப் பராமரிப்பவன் நான். தவிர, அந்த அடுப்பு வைத்தியத்திற்குப் பணம் கொடுத்து ஏமாந்தவனும் கூட. முன்பொரு முறை எங்கள் கார்டு திரையெங்கும் வண்ணக் கட்டங்களைக் காட்டியபோது, ஒரு கடையில் சூடேற்றித் தந்தார்கள். உயிர் வந்தது, மகிழ்ந்தோம். மூன்றாவது வாரத்தில் மறுபடியும் அதே கட்டங்கள்.

அது ஏன் என்பது பிறகு படித்தபோதுதான் விளங்கிற்று. 2008ஆம் ஆண்டு ஜூலையில் என்விடியா நிறுவனம், மடிக்கணினிகளுக்கென்று தான் செய்த சில சில்லுகள் பழுதாவதை ஒப்புக்கொண்டு, அதன் செலவுக்காக 15 முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்குவதாக அறிவித்தது. சில்லின் உள்ளே, சிலிக்கான் துண்டையும் அதன் அடித்தட்டையும் இணைக்கும் மிக நுண்ணிய உலோக முடிச்சுகள் உண்டு. கணினியை இயக்கும்போதெல்லாம் அவை சூடாகி விரிகின்றன; நிறுத்தும்போது குளிர்ந்து சுருங்குகின்றன. இப்படியே நாளடைவில் சில முடிச்சுகள் வெடித்துப்போயின. சூடேற்றினால் விரிசலின் இரு பக்கங்களும் விரிந்து தற்காலிகமாக ஒட்டிக்கொள்ளும். விரிசல் போவதில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஐரோப்பிய நாடுகள் 2006 ஜூலை முதல் மின்னணுப் பொருள்களில் ஈயத்தைக் கட்டுப்படுத்தியதால், அதன் பின் வந்த கார்டுகள் பெரும்பாலும் ஈயமற்ற பற்றாசால் இணைக்கப்பட்டவை. அது உருகுவதற்கு ஏறக்குறைய 217 பாகை வேண்டும். 200 பாகையில் அது உருகவே உருகாது! உருகாத ஒன்று எப்படி மறுபடி ஒட்டும்? அடுப்பில் மிஞ்சுவது பிளாஸ்டிக்கின் புகையும் இரசாயனப் படிவும்தான். பழைய கார்டாயின் ஈயமும் சேரும். பிள்ளைகளுக்கு உணவு சமைக்கும் அடுப்பு அது. அந்தச் சகோதரியின் மறுப்பே சரியானது என்று அவரிடம் சொல்லி அனுப்பினேன்.

அடுத்த ஞாயிறு நானே திண்டிவனம் சென்றேன். தொடங்கியதும் நன்றாக ஓடி, சற்று நேரத்தில் அணைந்தால், சில்லு செத்துவிட்டது என்று உடனே முடிவு கட்டக் கூடாது. அது சூட்டினால் தவிக்கிறது என்பதே முதல் ஐயமாக இருக்க வேண்டும். மாறாக, இயக்கிய நொடியிலிருந்தே கோடுகளும் வண்ணக் கட்டங்களும் தெரிந்தால், கார்டின் நினைவகத்திலோ சில்லிலோ பழுது இருக்கக்கூடும். புதிதாகக் கற்பவர் அதில் கை வைக்க வேண்டாம்.

மின்இணைப்பைச் செருகியிலிருந்தே பிடுங்கினோம். பின்னர் இயக்கும் பொத்தானைச் சில நொடிகள் அழுத்தி, மிச்சமிருந்த மின்சாரத்தை வெளியேற்றினோம். உடலில் சேரும் நிலைமின்சாரமே சில்லைக் கெடுத்துவிடும் என்பதால், பெட்டியின் வண்ணம் பூசாத உலோகப் பகுதியைத் தொட்டுவிட்டே கார்டைத் தொட வேண்டும். பக்கவாட்டு ஸ்குரூவைக் கழற்றி, செருகியின் முனையிலுள்ள சிறு தாழ்ப்பாளை விடுவித்தால் கார்டு வந்துவிடும். தாழ்ப்பாளை மறந்து இழுப்பவர்கள்தாம் மதர்போர்டையும் உடைத்துக்கொள்கிறார்கள்.

மின்விசிறியைப் பார்த்தோம். அசையவில்லை! இதழ்களுக்கிடையில் பஞ்சும் நூலும் திரிதிரியாகச் சுற்றியிருந்தன. தையல் இயந்திரம் கணினிக்குப் பக்கத்திலேயே இருந்ததை அப்போதுதான் கவனித்தேன். சாமணத்தால் நூலை எடுத்து, உலர்ந்த தூரிகையால் துடைத்தோம். காற்று ஊதும்போது விசிறியை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிடில் அது வேகமாகச் சுழன்று கெடும்.

வெப்பம் கடத்தும் உலோகத் தகட்டின் ஸ்குரூக்களை மூலைக்கு மூலை மாறி மாறிச் சிறிது சிறிதாகத் தளர்த்தினோம். ஒரு பக்கம் மட்டும் தளர்த்தினால் சில்லின் விளிம்பு உடையும். தகட்டை அப்படியே தூக்கிவிடாமல், விசிறியின் மெல்லிய கம்பியை முதலில் விடுவித்தோம். சில்லின் மேல் தடவியிருந்த பசை சுண்ணாம்புக் காரைபோல் காய்ந்திருந்தது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் அதைத் துடைத்து, புதிய தெர்மல் பேஸ்டைப் பட்டாணி அளவே வைத்துத் தகட்டைப் பொருத்தினோம். அதிகம் வைத்தால் அதிகக் குளிர்ச்சி என்பது தவறு. நினைவகச் சில்லுகளின் மேலிருந்த மெத்தைத் துண்டுகள் கிழியவில்லை. அவற்றை அப்படியே விட்டோம்.

கணினியை இயக்கிவிட்டு லுஹர் தொழச் சென்றோம். திரும்பி வந்தபோதும் திரை எரிந்துகொண்டிருந்தது. அந்தச் சகோதரி மாலைக்குள் ஓர் அழைப்பிதழை முடித்துவிட்டார்.

விசிறி சுழல்கிறதே தவிர, சத்தம் போடுகிறது; அதன் தாங்கி தேய்ந்துவிட்டது. அதன் விட்டம், ஸ்குரூத் துளைகளின் இடைவெளி, இணைப்பியில் உள்ள ஊசிகளின் எண்ணிக்கை ஆகியவற்றைக் குறித்துக் கொடுத்திருக்கிறேன். சென்னை ரிச்சி தெருவுக்குப் போகும்போது மாற்று விசிறி வாங்கி வருவதாக அவர் சொல்லியிருக்கிறார். தையல் இயந்திரம் அன்றே முன்னறைக்கு மாறிவிட்டது.