நாயின் காதுக்குள் எதையும் ஊற்றாதீர்கள்

நாய் தலையை ஓயாமல் உதறத் தொடங்கினால், பல வீடுகளில் முதலில் சூடாவது நல்லெண்ணெய். அதில் இரண்டு பல் பூண்டைத் தட்டிப் போட்டு, இளஞ்சூட்டில் நான்கு சொட்டு காதுக்குள் விடுவார்கள். மனிதர்களுக்குச் செய்து பழகிய வைத்தியம் அப்படியே நாய்க்கும் போகிறது. தோட்டத்து நாயாக இருந்தால் வேப்பெண்ணெய். காதில் புழு வைத்துவிட்டால் மண்ணெண்ணெயும் பொடித்த அந்துருண்டையும். கொஞ்சம் வசதியான வீட்டில், போன வருடம் மருத்துவர் எழுதிக்கொடுத்த சொட்டு மருந்தின் மிச்சத்தை அலமாரியில் தேடி எடுப்பார்கள். எல்லாமே அக்கறையில் செய்வதுதான். ஆனால் மருத்துவரிடம் போவதற்கு முன் நாயின் காதுக்குச் செய்யக்கூடிய உதவியில் பாதிக்கு மேல், உள்ளே எதையும் ஊற்றாமல் இருப்பதில் அடங்கிவிடுகிறது.

காரணம் காதின் அமைப்பிலேயே இருக்கிறது. மனிதரின் காதுத் துளை ஏறக்குறைய நேராகவே செவிப்பறை வரை போகிறது. நாயின் காதுக் குழாயோ 'ட' எழுத்தைப் போல முதலில் கீழே இறங்கி, பிறகு உள்பக்கமாக மடங்குகிறது. மடலைத் தூக்கிப் பார்த்தால் கண்ணுக்குத் தெரிவது மேல் பகுதி மட்டும்தான். அழுக்கும் சீழும் தேங்குவது மடங்கிய பிறகு வரும் பகுதியில். மேலிருந்து ஊற்றும் எண்ணெய் அங்கே போய்த் தங்கிவிடும். எளிதில் திரும்பி வராது. பஞ்சு சுற்றிய குச்சியை விட்டுத் துடைத்தாலும் அழுக்கு வெளியே வராது, இன்னும் ஆழத்துக்குத்தான் தள்ளப்படும்.

தென்காசி மாவட்டத்துக் கடையநல்லூர் வட்டாரத்தில் இந்தத் தொல்லைக்குக் காரணங்கள் கூடுதலாகவே உண்டு. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குற்றாலத்தை நனைக்கும் சாரல் இந்த மலையடிவாரத்தையும் விட்டுவைப்பதில்லை. காற்றிலேயே ஈரம். மேற்கே தென்னந்தோப்புகளிலும் மாந்தோப்புகளிலும் காட்டுப்பன்றியை விரட்ட வளர்க்கப்படும் காவல் நாய்கள் வாய்க்காலில் இறங்கும், குளத்தில் குளிக்கும், புதருக்குள் ஓடும். ஈரமும் வெப்பமும் சேர்ந்த காதில் மலாசீசியா என்ற ஈஸ்ட் பூஞ்சை பெருகும், பாக்டீரியாவும் பெருகும். புதரிலிருந்து உண்ணி ஏறும். புல்லின் கூர்மையான விதை காதுக்குள் நுழைந்து, பின்வாங்காமல் உள்நோக்கியே நகரும். காதுக்குள் வாழும் நுண்ணிய சிற்றுண்ணிகள் குட்டிகளிடம் அதிகம். அவை இருந்தால் காப்பித்தூள் நிறத்தில் உலர்ந்த அழுக்கு சேரும். லேப்ரடார், காக்கர் ஸ்பேனியல் போன்ற தொங்கும் காது நாய்களில் மடலே காற்றை அடைத்துவிடுகிறது. இவை எல்லாவற்றுக்கும் பின்னால், திரும்பத் திரும்பக் காது கெடும் பல நாய்களுக்குத் தோல் ஒவ்வாமை இருக்கும்.

வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலவே தெரியும்: உதறல், சொறிதல், நாற்றம், சிவப்பு. பூஞ்சைக்கான மருந்து பாக்டீரியாவுக்கு உதவாது. புல் விதைக்கு எந்தச் சொட்டு மருந்தும் உதவாது. காரணம் எது என்று கண்டறியத்தான் மருத்துவர் காதுக்குள் பார்க்கும் ஓட்டோஸ்கோப் கருவியை வைத்து மடங்கிய பகுதி வரை பார்க்கிறார். அழுக்கைக் கொஞ்சம் எடுத்துக் கண்ணாடிச் சில்லில் தடவி, சாயமேற்றி, மைக்ராஸ்கோப்பில் வைக்கிறார். முதல் நாள் இரவே காதைக் கழுவித் துடைத்து நாயைக் கொண்டுபோனால், அவர் பார்க்க வேண்டிய தடயம் போய்விடுகிறது. எண்ணெய் விட்டுக் கொண்டுபோனால் செவிப்பறை கிழிந்திருக்கிறதா என்பதே தெரியாமல் போகலாம்.

அந்தச் செவிப்பறைதான் இதில் மிகப் பெரிய விஷயம். நாட்பட்ட சீழ் அதை அரித்துத் துளையிட்டிருக்கக்கூடும். அந்த நிலையில் ஊற்றுவது நடுக்காதுக்கும் உள்காதுக்கும் போகும். ஜென்டாமைசின் கலந்த சொட்டு மருந்து தோலில் படும்போது நல்ல மருந்து. கிழிந்த செவிப்பறை வழியே உள்ளே போனால் கேட்கும் நரம்புச் செல்களை அழிக்கக்கூடியது. புண் கழுவும் குளோர்ஹெக்சிடினும் அப்படித்தான். ஸ்பிரிட், வினிகர், ஹைட்ரஜன் பெராக்சைடு ஆகியவை புண்ணான தோலை எரித்து வீக்கத்தைக் கூட்டும். போன வருட பாட்டிலைத் தொடக் கூடாது என்பதற்கும் செவிப்பறையே காரணம். அன்று மருத்துவர் செவிப்பறையைப் பார்த்துவிட்டு எழுதினார். இன்று அது எப்படி இருக்கிறது என்று வீட்டில் யாருக்கும் தெரியாது.

வலி மாத்திரையும் வேண்டாம். மனிதருக்கான ஐபுபுரூஃபனும் டைக்ளோஃபெனாக்கும் நாயின் வயிற்றில் புண்ணும் ரத்தக்கசிவும் உண்டாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். பாரசிட்டமால் அளவு மீறினால் கல்லீரலையும், ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனையும் பாதிக்கும். பத்து கிலோ நாய்க்குப் பாதி மாத்திரை என்று மருந்துக்கடைக் கவுன்ட்டரில் போடும் கணக்குக்கு மருத்துவ அடிப்படை கிடையாது.

அப்படியானால் மருத்துவர் கிடைக்கும்வரை நாய் துடிப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமா என்ற கேள்வி நியாயமானது. வேண்டியதில்லை. காதுக்கு வெளியே செய்யக்கூடியவை சில இருக்கின்றன.

முதலில் சொறிவதை நிறுத்த வேண்டும். நாயின் பின்கால் நகமே காதைப் புண்ணாக்கும் முதல் ஆயுதம். கழுத்தில் மாட்டும் பிளாஸ்டிக் கூம்பு கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் பழைய பனியனின் கைப்பகுதியை வெட்டித் தலையைச் சுற்றித் தளர்வாக மாட்டலாம். கழுத்துக்கும் துணிக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும், மூச்சு முட்டக் கூடாது, பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். குளியல், குளம், வாய்க்கால் எல்லாவற்றையும் நிறுத்திவைக்க வேண்டும். மடலின் உள்பக்கத்திலும் துளையின் வாயிலும் வழிந்து நிற்கும் சீழை மட்டும், கொதித்து ஆறிய நீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சால் ஒற்றி எடுக்கலாம். விரல் போகும் தூரம் வரைகூடப் போக வேண்டியதில்லை. மடல் சூடாகச் சிவந்திருந்தால், துணியில் சுற்றிய பனிக்கட்டியை வெளிப்பக்கம் ஐந்து நிமிடம் வைக்கலாம், நாய் அனுமதித்தால் மட்டும். மடலின் மேல் உண்ணி தெரிந்தால் இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்கலாம், வெறும் விரலால் நசுக்கக் கூடாது. துளைக்குள் இருக்கும் உண்ணியைத் தொடவே வேண்டாம்.

விடாமல் உதறும் நாய்க்குச் சில நேரம் மடலுக்குள் ரத்தக்குழாய் அறுந்து, மடல் உப்பி மெத்தென்று ஆகிவிடும். ஊசியால் குத்தி வடித்துவிடலாம் என்று தோன்றும். குத்தினால் மறுபடி நிரம்பும், கிருமியும் சேரும். அதற்குச் சிகிச்சை மருத்துவரிடம்தான்.

எது காத்திருக்கலாம், எது காத்திருக்கக் கூடாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். லேசான உதறலும் சொறிதலும் உள்ள நாய், சாப்பிட்டு விளையாடினால், மறுநாள் காலை வரை பொறுக்கலாம். தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தே இருப்பது, நடையில் தள்ளாட்டம், வட்டமடிப்பது, கருவிழி துடித்துக்கொண்டே இருப்பது, முகத்தின் ஒரு பக்கம் தொங்குவது ஆகியவை நடுக்காதுக்கோ உள்காதுக்கோ பாதிப்பு போயிருப்பதற்கான அறிகுறிகள். இவை தெரிந்தாலோ, காதிலிருந்து ரத்தம் வந்தாலோ, புழு நெளிந்தாலோ அன்றைக்கே போயாக வேண்டும். புழு உள்ள புண்ணில் மண்ணெண்ணெய் ஊற்றினால் சில புழுக்கள் வெளியே வரும். மற்றவை ஆழத்துக்கு ஓடும். வெந்த தோல் வேறு மிஞ்சும்.

இன்னொன்று மனிதரைப் பற்றியது. காது வலிக்கும் நாய், வளர்த்தவரையே கடிக்கும். குழந்தைகளைத் தள்ளி வைத்து, தொடுவதற்கு முன் வாய்க்கூடு போடுவது நல்லது. வாந்தி எடுக்கும் நாய்க்கும் மூச்சுத் திணறும் நாய்க்கும் மட்டும் அது கூடாது. கடித்துவிட்டால் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, நாய்க்குத் தடுப்பூசி போட்டிருந்தாலும், அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

"எங்கள் தாத்தா காலத்தில் எண்ணெய்தான் விட்டோம், நாய் நன்றாகத்தான் இருந்தது" என்ற வாதத்தை ஒதுக்கிவிட முடியாது. சில நாய்கள் தானாகவே தேறியிருக்கும். லேசாக உறைந்த குறும்பி எண்ணெயில் இளகியும் இருக்கும். ஆனால் செவிடாகிப்போன நாயை யாரும் செவிடு என்று எழுதி வைக்கவில்லை. கூப்பிட்டால் வராத நாய் திமிர் பிடித்தது என்றோ, கிழடாகிவிட்டது என்றோதான் பெயர் வாங்கியது.

செவிட்டு நாய் இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. கடையநல்லூரிலிருந்து மதுரை சாலையில் வடக்கே போனால் புளியங்குடி, வாசுதேவநல்லூர், சிவகிரி தாண்டி ராஜபாளையம் வருகிறது. அந்த ஊரின் பெயரைத் தாங்கிய வெள்ளை நாய்க்கு 2005-ல் இந்திய அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்டது. 2020 ஆகஸ்டில் பிரதமர் தன் வானொலி உரையில் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை இனங்களைச் சொல்லிப் பாராட்டினார். அந்த வெள்ளை நாயின் அழகுக்கு ஒரு விலை உண்டு. உள்காதில் நிறமிச் செல்கள் இல்லாத குட்டிகள் பிறவியிலேயே காது கேளாமல் வளர்கின்றன. வளர்ப்பவர்கள் இதை அறிவார்கள். குட்டி வாங்கும்போது பின்னால் நின்று கைதட்டிப் பார்ப்பார்கள். பிறவிச் செவிட்டை மருந்தால் மாற்ற முடியாது. கவனக்குறைவால் வரும் செவிட்டைத் தடுக்க முடியும். மனிதர் கேட்கும் ஒலியின் மேல் எல்லை 20,000 ஹெர்ட்ஸ். நாய்க்கு ஏறத்தாழ 45,000. தோப்புக் காவலுக்கு நாய் வைப்பதே அந்தக் காதை நம்பித்தான்.

குற்றத்தை முழுக்க நாய் வளர்ப்பவர் தலையில் போடுவதும் சரியல்ல. எண்ணெய் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, மருத்துவர் இல்லை. அரசுக் கால்நடை மருந்தகங்கள் மாட்டையும் ஆட்டையும் மனதில் வைத்து உருவானவை. வருமானம் தரும் மாடு வரிசையில் நிற்கும்போது நாயின் காதுக்கு நேரம் ஒதுக்குவது எந்த மருத்துவருக்கும் கடினம். 1962 என்ற எண்ணில் அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ வாகனம் வருவதும் முதன்மையாகக் கால்நடைகளுக்காகவே. முழு வசதியோடு பார்க்க வேண்டுமானால் திருநெல்வேலி ராமையன்பட்டியில் 2012-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி வரை போக வேண்டியிருக்கிறது. தினக்கூலிக்குப் போகிறவருக்கு அது ஒரு நாள் சம்பளமும் ஒரு வண்டி வாடகையும்.

மனிதருக்கே மருத்துவமனை போதாதபோது நாய்க்கு இவ்வளவா என்று கேட்பவர்கள், வலியில் கடிக்கும் நாயின் செலவு எங்கே போய்ச் சேருகிறது என்று பார்க்க வேண்டும். கடிபட்டவருக்கான தடுப்பூசித் தவணைகள் அரசு மருத்துவமனையின் கணக்கில்தான் விழுகின்றன. ஓர் ஓட்டோஸ்கோப்பும் ஒரு மைக்ராஸ்கோப்பும் ஒவ்வொரு மருந்தகத்திலும் வேலை செய்யும் நிலையில் இருக்க வேண்டும் என்று கேட்பது ஆடம்பரமல்ல. வாரத்தில் ஒரு மாலையைச் சிறு பிராணிகளுக்கென்று அறிவித்தால், மாட்டுக்காரரும் காத்திருக்க வேண்டாம், நாய்க்காரரும் தயங்க வேண்டாம்.

தொடங்குவதற்கு நாளும் தயாராக இருக்கிறது. 1885 ஜூலை 6-ல் லூயி பாஸ்டர் வெறிநோய்த் தடுப்பூசியை முதன்முதலாக ஒரு சிறுவனுக்குச் செலுத்தியதை நினைவுகூர்ந்து, ஆண்டுதோறும் அதே தேதியில் கால்நடைத் துறை நாய்களுக்கு இலவச வெறிநோய்த் தடுப்பூசி முகாம் நடத்துகிறது. தென்காசி மாவட்டத்தில் அது சாரல் உச்சத்தில் இருக்கும் வாரம். காதுகள் கெடத் தொடங்கும் நேரமும் அதுவே. ஊசி போடப் பிடித்து நிறுத்திய நாயின் இரண்டு மடல்களையும் தூக்கிப் பார்க்க ஒரு நிமிடம் போதும். நாற்றமோ அழுக்கோ உள்ள நாயின் உரிமையாளரிடம் எப்போது மருந்தகத்துக்கு வர வேண்டும், அதுவரை எதையெல்லாம் ஊற்றக் கூடாது என்று அச்சடித்த ஒரு சீட்டைக் கொடுத்தனுப்பலாம். கடையநல்லூர், சங்கரன்கோவில் வட்டங்களில் இதை இந்த ஆண்டே செய்து பார்க்க மாவட்ட நிர்வாகத்துக்குப் புதிய திட்டமோ பெரிய நிதியோ தேவைப்படாது.