வழி கேட்டவனிடம் அடையாள அட்டை கேட்ட ஊர்

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்ற பழமொழியைத் துணைக்கு அழைத்து, கைத்தொலைபேசியில் வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டு பயணம் போகிறவர்களைச் சாடியிருக்கிறார் ஒரு கட்டுரையாளர். பெயர் எழுதவில்லை. வயதில் மூத்தவர், நான் மதிப்பவர். ஆனால் அவர் எழுதியது பிழை. கொழும்பில் தமிழர் பட்ட பாட்டை மறந்துவிட்டு எழுதிய பிழை. அதனால்தான் பேசாமல் இருக்க முடியவில்லை.

அவர் சொல்வது இதுதான். அந்தக் காலத்தில் கொழும்புக்கு வந்தவன் கடைக்காரரிடம் கேட்டான், கோயிலடியில் கேட்டான், கேட்டதால் மனிதர்கள் அறிமுகமானார்கள். இன்றைய பிள்ளைகளோ திரையைப் பார்த்தபடி ஊமையாக நடக்கிறார்கள். மூலைக்கு மூலை கவரேஜ் உள்ள நகரத்தில் ஓஃப்லைன் வரைபடம் எதற்கு? கவரேஜ் இல்லாத இடத்தில் அது எப்படியும் வேலை செய்யாது.

கடைசி வரியை முதலில் எடுக்கிறேன், ஏனென்றால் அது அப்பட்டமான தவறு. ஜீ.பீ.எஸ். செய்மதிகள் பூமியிலிருந்து ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றிக்கொண்டு சமிக்ஞை அனுப்புகின்றன. தொலைபேசி அதைக் கேட்கிறது, அவ்வளவுதான். திருப்பி எதையும் அனுப்புவதில்லை. சிம் அட்டை இல்லாவிட்டாலும், டேட்டா தீர்ந்துபோனாலும் நீங்கள் நிற்கும் இடம் தெரியும். டேட்டா இருந்தால் முதல் தடவை இடத்தைப் பிடிப்பது விரைவாக நடக்கும்; இல்லையென்றால் திறந்த வானத்தின் கீழ் சில நிமிடம் பொறுத்து நிற்க வேண்டும். வெள்ளவத்தையில் தொடர்மாடிகள் நெருங்கி நிற்கும் ஒழுங்கைகளில் சமிக்ஞை சுவரில் பட்டுத் தெறித்து, நீலப் புள்ளி பக்கத்து ஒழுங்கைக்குத் தாவுவதும் உண்டு. இந்தக் குறைகளை அவர் எழுதியிருந்தால் நானும் ஒப்புக்கொண்டிருப்பேன்.

தானே சோதித்துப் பார்த்ததாகவும், நடந்து போக வழி காட்டவில்லை என்றும் எழுதுகிறார். கூகுள் மேப்ஸில் இறக்கி வைத்த வரைபடம் இணையம் இல்லாதபோது வாகனத்துக்குத்தான் வழி சொல்லும், நடைக்குச் சொல்லாது என்பது உண்மை. ஆனால் ஓர்கானிக் மேப்ஸ், ஓஸ்ம்அண்ட் ஆகியவை இணையமே இல்லாமல் நடைவழியும் காட்டுகின்றன. இரண்டும் ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் என்ற பொது வரைபடத்தின் தரவில் இயங்குகின்றன. இலங்கை முழுவதையும் இறக்கினாலும் ஒரு சினிமாப் படத்தின் அளவுக்கு இடம் பிடிக்காது. ஒரே ஒரு செயலியைத் திறந்து பார்த்துவிட்டு எல்லாவற்றுக்கும் தீர்ப்பெழுதுவது ஆராய்ச்சி ஆகாது.

மூலைக்கு மூலை கவரேஜ் என்கிறாரே, 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்சாரம் வெட்டப்பட்டதை இதே கொழும்பில் இருந்துதானே அவரும் பார்த்தார்? பற்றரி இறங்கி, ஜெனரேற்றருக்கு டீசலும் இல்லாமல் டவர்கள் படுத்தன. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது மலைநாட்டில் பல இடங்கள் தொடர்பே இல்லாமல் துண்டிக்கப்பட்டன. மண் சரிந்த பாதையை எந்த வரைபடமும் அன்று காட்டியிருக்காது, உண்மைதான். ஆனால் எந்தப் பக்கம் ஊர், எந்தப் பக்கம் ஆறு என்றாவது அது காட்டும்.

இவையெல்லாம் சின்ன விடயங்கள். என்னைச் சுட்டது அந்தப் பழமொழிதான்.

வெள்ளவத்தையில் தமிழில் வழி கேட்கலாம். ராமகிருஷ்ண வீதி எது, மயூரபதி அம்மன் கோயிலுக்கு எப்படிப் போவது என்று காலி வீதியில் எந்தக் கடைப்படியில் நின்று கேட்டாலும் பதில் கிடைக்கும். கொட்டாஞ்சேனையும் அப்படித்தான். ஜம்பட்டா வீதியையும் பொன்னம்பலவாணேஸ்வரர் கோயிலையும் கொச்சிக்கடை அந்தோனியாரையும் கேட்டால் கூடவே நடந்து வந்து காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களை நானும் நேசிக்கிறேன். ஆனால் இந்த இரண்டு இடங்களை வைத்துக்கொண்டு முழுக் கொழும்பையும் அளந்துவிட்டார் கட்டுரையாளர்.

முல்லைத்தீவிலிருந்து மஹரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு வரும் ஒரு தாய் யாரிடம், எந்த மொழியில் கேட்பார்? தமிழும் அரச கரும மொழி என்று 1987இல் 13ஆவது திருத்தம் எழுதி வைத்தது. இன்றும் பல பஸ்களின் நெற்றிப் பலகை சிங்களத்தில் மட்டுமே இருக்கிறது. எந்த பஸ்ஸில் ஏறுவது, எங்கே மணியடிப்பது, இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போய்விட்டதா என்று தெரியாமல் நோயாளியின் கோப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கும் வாய் இருக்கிறது. பஸ் நகர நகரத் திரையில் நகரும் ஒரு புள்ளி, இன்னும் இரண்டு தரிப்பிடம் இருக்கிறது என்று காட்டினால் அந்தத் தாய்க்கு மூச்சு வரும். அதைத்தான் இவர் ஊமைத்தனம் என்கிறார்.

யாழ்ப்பாணத்திலிருந்து வரும் இரவு பஸ் விடியப் புறம் நாலரைக்கு வெள்ளவத்தையில் ஒரு பெண் பிள்ளையை இறக்கிவிடுகிறது என்று வையுங்கள். கடைகள் பூட்டிக் கிடக்கின்றன. வீதியில் நிற்பது ஒன்றிரண்டு ஓட்டோக்கள் மட்டும். தான் போக வேண்டிய ஒழுங்கை கடற்பக்கமா, கால்வாய்ப் பக்கமா, எத்தனை மீற்றர் என்று அவளுக்கு முன்பே தெரிந்திருந்தால் நடக்கலாம். ஓட்டோவில் ஏறினாலும் நியாயமான காசைப் பேசி ஏறலாம். தெரியாதவள் என்று முகத்தில் எழுதி ஒட்டிக்கொண்டு அந்த நேரத்தில் அந்நியரிடம் வழி கேட்கச் சொல்வது என்ன அறிவுரை ஐயா? உங்கள் மகளுக்கு இதைச் சொல்வீர்களா?

இனி என் கதை. 2006ஆம் ஆண்டின் கடைசி. புறக்கோட்டையில் இறங்கி, கொட்டாஞ்சேனையில் தெரிந்தவர் ஒருவர் தங்கியிருந்த லொட்ஜுக்கு நடந்து போனேன். ஆமர் வீதியடியில் பாதை குழம்பியது. ஒருவரிடம் எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் கேட்டேன். அவர் நல்லவராகத்தான் இருந்தார். கையை நீட்டிக் காட்டினார். சற்றுத் தள்ளி இருந்த சோதனைச் சாவடியில் நின்றவர்கள் அதைப் பார்த்துவிட்டார்கள். அடையாள அட்டை. பிறந்த இடம் யாழ்ப்பாணம். எதற்கு வந்தாய், பொலிஸில் பதிந்தாயா, வழி தெரியாதவன் இங்கே ஏன் திரிகிறாய். மூன்று மணி நேரம் நின்றேன். அதற்குப் பிறகு பல ஆண்டுகள் கொழும்பில் நான் யாரிடமும் வழி கேட்கவில்லை. தவறிப் போனால் தவறிய வழியிலேயே, தெரிந்தவன் மாதிரி, வேகமாக நடந்தேன்.

அடுத்த ஆண்டு ஜூன் 7ஆம் திகதி விடியற்காலையில் கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை, புறக்கோட்டை லொட்ஜுகளிலிருந்து 376 தமிழர்களைப் பிடித்து பஸ்களில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். கொழும்பில் இருப்பதற்குத் தகுந்த காரணம் இல்லை என்றார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அந்தக் கொழும்பில்தான் கட்டுரையாளரின் அந்தக் காலமும் ஓடியது. கேட்டால் மனிதர் அறிமுகமாவார் என்று அவர் எழுதும்போது, கேட்டதால் மாட்டிக்கொண்டவர்களின் நினைவு ஒரு வரிக்குக்கூட வரவில்லை என்பதுதான் எனக்கு வலி. காலம் மாறிவிட்டது என்பார். மாறியிருக்கிறது. உடம்பில் பதிந்த பயம் அவ்வளவு சீக்கிரம் மாறுவதில்லை. அப்படியானவர்களுக்கு யாரிடமும் தங்களைக் காட்டிக்கொடுக்காமல் ஊருக்குள் நடக்கும் உரிமையை இந்தச் சின்னத் திரை கொடுக்கிறது.

வரைபடத்தை நம்பினால் மூளை மழுங்கும் என்கிறார் கட்டுரையாளர்; அதற்கு லண்டன் டாக்சி ஓட்டுநர்களை அழைத்து வருகிறார். 2000இல் எலினோர் மக்வாயர் குழுவினர் வெளியிட்ட ஆய்வு அது. இடங்களை நினைவில் வைக்க உதவும் ஹிப்போகாம்பஸின் பின்பகுதி அந்த ஓட்டுநர்களுக்குப் பெரிதாக இருந்தது. ஆனால் அவர்கள் தெருவில் போகிறவரிடம் கேட்டுக் கேட்டா அந்த அறிவைப் பெற்றார்கள்? சேரிங் கிராஸைச் சுற்றி ஆறு மைல் வட்டத்திலுள்ள சுமார் 25,000 தெருக்களை, 320 பாதைகளாகப் பிரித்து, வரைபடத்தை விரித்து வைத்து, பல ஆண்டுகள் படித்தவர்கள் அவர்கள். வரைபடத்துக்கு எதிராக அவர் கொண்டுவந்த சாட்சி வரைபடத்துக்கே சாட்சி சொல்கிறது. திரும்பு, திரும்பு என்று காதில் சொல்லும் குரலுக்குப் பின்னால் கண்ணை மூடிக்கொண்டு போனால் எதுவும் மனதில் நிற்காது, ஒப்புக்கொள்கிறேன். அதனால் போக முன்னர் வரைபடத்தை விரித்து, கடல் எங்கே, ரயில் பாதை எங்கே, கால்வாய் எங்கே என்று பார்த்துக்கொள்ளுங்கள் என்று அவர் எழுதியிருக்கலாம்.

வரைபடத்துக்கு எங்கள் பேர்கள் தெரியாது என்பது அவருடைய இன்னொரு குற்றச்சாட்டு. ஹை ஸ்ட்ரீட் என்று நாங்கள் சொல்வது பலகையில் டபிள்யூ. ஏ. சில்வா மாவத்தை. டுப்ளிகேஷன் றோட் ஆர். ஏ. டி மெல் மாவத்தை. செட்டியார் தெருவுக்கு ஆங்கிலத்தில் வேறு பெயர். குற்றச்சாட்டு சரியானது. அவர் அதை வைத்து வரைபடத்தைத் தூக்கி எறியச் சொல்கிறார், அங்கேதான் பிரிகிறோம். ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பில் ஒரு தெருவின் தமிழ்ப் பெயருக்கும் பழைய பெயருக்கும் தனித்தனி இடம் உண்டு. கணக்கு ஒன்று திறந்து யாரும் எழுதலாம். அந்தத் தரவை எடுக்கும் செயலிகள் அடுத்த புதுப்பிப்பில் அதை இறக்கிக் கொடுக்கும்.

ஆகவே வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இருப்பவர்களிடம் கேட்கிறேன். உங்கள் ஒழுங்கைக்கு அங்கே தமிழ்ப் பெயர் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். இல்லையென்றால் எழுதுங்கள், பிழையாக இருந்தால் திருத்துங்கள். கோயிலையும் மருந்துக்கடையையும் பஸ் தரிப்பிடத்தையும் குறித்து வையுங்கள். வடக்கிலிருந்தும் மலையகத்திலிருந்தும் வருகிற உறவுகளுக்கு, பஸ் ஏறுவதற்கு முன் வீட்டு வைஃபையில் இலங்கை வரைபடத்தை இறக்கி வைக்கச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களுக்கு நீங்களே இறக்கிக் கொடுங்கள்.