பழைய காருக்கு எந்த ரெகுலேட்டர்?

நம் ஆட்டோமொபைல் பிரிவில் நாலு பேர் சேர்ந்தால் போதும், பழைய பிரிமியர் பத்மினிக்கு இன்ஜெக்ஷன் வைக்கும் பேச்சு வந்துவிடும். எந்த இ.சி.யூ., எந்த இன்ஜெக்டர், எந்த பம்ப் என்று மணிக்கணக்கில் வாதம் நடக்கும். ஃபியூவல் பிரஷர் ரெகுலேட்டர் என்றால் மட்டும், "அது ஏதாவது ஒண்ணு மாட்டிக்கலாம்டா" என்று முடித்துவிடுகிறார்கள். என் கட்சி வேறு. மற்ற எல்லாவற்றையும்விட யோசித்து வாங்க வேண்டியது அந்தச் சின்ன டப்பாவைத்தான்.

கார்புரேட்டருக்கு 0.2, 0.3 பார் அழுத்தம் போதும். இன்ஜெக்டருக்குப் பொதுவாக 3 பார் வேண்டும். பத்து மடங்கு! என் அப்பா அம்பாசடர் டாக்ஸி ஓட்டியவர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் படிக்க வந்த முதல் ஆள் நான்தான். வண்டி நின்றால் அப்பா பெட்ரோல் பைப்பைக் கழற்றி வாயால் ஊதுவார், கிளம்பிவிடும். அதே பழக்கத்தில் 3 பார் லைனைக் கழற்றினால் சூடான எஞ்சின் மேல் பெட்ரோல் பீய்ச்சியடிக்கும். நாம் வண்டியை மாற்றிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவோம். நடுரோட்டில் பானெட்டைத் திறப்பவர் அப்பா மாதிரி ஒருவர்தானே?

ரெகுலேட்டர் அழுத்தத்தை உண்டாக்குவதில்லை, நண்பர்களே. பம்ப் தள்ளுகிறது, தேவைக்கு மேல் வருவதை ரெகுலேட்டர் டேங்குக்குத் திறந்து விடுகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 50 குதிரைத்திறன் எஞ்சின் முழு வேகத்தில் மணிக்குச் சுமார் 15 லிட்டர் குடிக்கும். பம்ப் 100 லிட்டர் தள்ளினால் 85 லிட்டர் திரும்பிப் போக வேண்டும். ஐடிலில் ஏறக்குறைய நூறும் திரும்ப வேண்டும். ஆக, திருப்பி அனுப்புவதுதான் அதன் முழுநேர வேலை. கார்புரேட்டர் காலத்து வண்டிகளில் பெரும்பாலும் ரிட்டர்ன் லைனே கிடையாது. கைக்குக் கிடைத்த மெல்லிய குழாயை அதற்குப் போட்டால், ஐடிலில் அழுத்தம் ஏறிக் கறும்புகை வரும். பழி மட்டும் ரெகுலேட்டர் மேல் விழும்.

அடுத்தது அந்தத் திருகு. கலர் பூசி, மேலே திருகு வைத்த அட்ஜஸ்டபிள் ரெகுலேட்டர் மேல் நம் பசங்களுக்கு ஒரு மயக்கம். திருகினால் பவர் கூடுமாம்! 3 பாரை 4 பாராக்கினால் இன்ஜெக்டர் வழியே கூடுவது சுமார் 15 சதவீதம் பெட்ரோல்தான், ஏனென்றால் ஓட்டம் அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. காற்று கூடாமல் பெட்ரோலை மட்டும் கூட்டி என்ன லாபம்? டர்போ வைத்து, டைனோவில் ஏற்றி டியூன் செய்பவருக்கு அந்தத் திருகு வேண்டியிருக்கலாம். மற்றவர்களுக்கு அது, போகிற வருகிற மெக்கானிக் எல்லாம் கை வைக்க ஓர் இடம், அவ்வளவுதான். போஷ் நிறுவனம் 1967-ல் ஃபோக்ஸ்வேகன் 1600-க்குக் கொடுத்த டி-ஜெட்ரானிக்கில் திருகு இருந்தது. 1970-களில் எல்-ஜெட்ரானிக் வந்தபோது பொதுவாகத் திருகு போய், வேக்குவம் குழாய் வந்துவிட்டது.

அந்தக் குழாய் கட்டாயம் வேண்டும் என்பேன். ஐடிலில் மேனிஃபோல்டில் 0.6 பார் அளவுக்கு வேக்குவம் இருக்கும், அது இன்ஜெக்டர் நுனியிலிருந்து பெட்ரோலை உறிஞ்சும். ரெகுலேட்டர் அதை உணர்ந்து ரெயில் அழுத்தத்தை 2.4-க்கு இறக்கும். நுனிக்கு இருபுறமும் வித்தியாசம் எப்போதும் 3 பார், இ.சி.யூ. போடும் கணக்கும் தப்பாது. குழாய் இல்லாத ரகமும் உண்டு. ஆனால் அதற்கேற்ப இ.சி.யூ.வில் திருத்தம் போட வேண்டும். முதல்முறை செய்பவருக்கு எதற்கு அந்த வம்பு?

ஆகவே என் தேர்வு: இன்ஜெக்டருக்குக் குறித்த அழுத்தத்திலேயே, திருகு இல்லாத, வேக்குவம் குழாயுள்ள, ஏதாவது ஒரு கம்பெனி வண்டிக்கென்று செய்த ரெகுலேட்டர். புதுசாகவே வாங்குங்கள். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கிறார்கள், பழைய டயாஃப்ரம் ரப்பர் தாங்குமா என்று நம்ப முடியாது. குழாய்களும் இன்ஜெக்ஷன் ஹோஸாகவே இருக்கட்டும்.

பழசுதான் கிடைத்தது என்றால், எஞ்சினை ஐடிலில் விட்டு வேக்குவம் குழாயைப் பிடுங்குங்கள். கேஜ் 2.4-லிருந்து 3-க்கு உடனே ஏற வேண்டும். பிடுங்கிய இடத்தில் ஒரு சொட்டு பெட்ரோல் ஈரம் தெரிந்தாலும் டயாஃப்ரம் கிழிந்துவிட்டது. எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் அதை வண்டியில் மாட்டாதீர்கள்.