பழுதானது பெட்டியா, பரிபாலனமா?

ஏழை வீட்டுக்கு வண்ணத் தொலைக்காட்சியா என்று எள்ளி நகையாடினர் ஒரு சாரார். 2006ஆம் ஆண்டு தேர்தல் அறிக்கையிலே கழகம் அந்த வாக்குறுதியைத் தந்தபோது எழுந்த ஏளனக் குரல் அடங்க நெடுநாள் ஆயிற்று. உச்சநீதிமன்றம் வரை சென்று வழக்காடினர். தேர்தல் அறிக்கையில் இத்தகைய வாக்குறுதி தருவது சட்டப்படி ஊழல் நடவடிக்கை ஆகாது என்று 2013 ஜூலை 5ஆம் நாள் தீர்ப்பு வந்தது. அதற்குள், 2006 முதல் 2011 வரையிலான ஐந்தாண்டுகளில், ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட பெட்டிகள் குடிசைகளிலும் ஓட்டு வீடுகளிலும் குடியேறிவிட்டன. பண்ணையார் வீட்டு ஜன்னல் ஓரம் நின்று எட்டிப் பார்த்த சிறுவன், தன் வீட்டுத் தரையிலே சம்மணமிட்டு அமர்ந்து பார்த்தான். அந்த மாறுதலின் மதிப்பை ரூபாய்க் கணக்கிலே மட்டும் எழுதிவிட முடியுமா?

அது பழங்கதை, இன்றைய கதைக்கு வருவோம். அந்த 14 அங்குலப் பெட்டிகளிலே இன்னும் உயிரோடிருப்பவை உண்டு. தூர்தர்ஷன் தரைவழி ஒளிபரப்பின் பழைய அனலாக் நிலையங்களை, சிலவற்றைத் தவிர, 2022 மார்ச் இறுதிக்குள் மூட முடிவெடுத்துச் செயற்பட்டது பிரசார் பாரதி. வீட்டுக்கூரை ஆன்டெனாவுக்கு வேலை போயிற்று. ஆயினும் பெட்டிக்கு வேலை போகவில்லை. செட்டாப் பாக்ஸிலிருந்து மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று மூன்று ஒயர். பின்புறம் செருகினால் படம் வந்துவிடுகிறது. மாதச் சந்தா இல்லாத தூர்தர்ஷன் இலவச டிஷ்ஷும் அதிலே தெரியும். ஆக, ‘காலாவதியாகிவிட்டது’ என்று கடைக்காரர் சொல்லும் பெட்டி உண்மையிலே காலாவதியாகவில்லை. பழுதாகியிருக்கிறது, அவ்வளவே! பழுது வேறு, சாவு வேறு.

என்ன பழுது? திரை முழுதும் இருண்டு, நடுவிலே வெள்ளைக் கோடு ஒன்று மட்டும் குறுக்கே கிடக்கிறதா? படம் மேலும் கீழும் விரியவில்லை என்று பொருள். மெக்கானிக்குகள் ‘வெர்டிகல் போச்சு’ என்பார்கள். அந்தப் பகுதியின் ஐ.சி. ஒன்று எரிந்திருக்கும், அல்லது அதன் கால்களில் ஈயப் பற்று விட்டிருக்கும். விலை குறைந்த சாமான், அரைமணி வேலை. ஆனால் கோடு தெரியும் நிலையிலே பெட்டியை மணிக்கணக்கில் ஓடவிட்டால், திரையின் உட்பூச்சு அந்த இடத்திலே கருகி நிரந்தர வடு விழும். உடனே அணைத்துவிட வேண்டும்.

மூலையிலே பச்சையும் ஊதாவுமாகக் கறை படிந்ததுபோல் தெரிகிறதா? பக்கத்திலே பெரிய ஒலிபெருக்கி வைத்திருப்பார்கள். அதன் காந்தம் செய்த வேலை. அதைத் தள்ளி வைத்து, பெட்டியை அணைத்து நன்றாக ஆறவிட்டு மறுபடி போட்டால், படக்குழாயைச் சுற்றியுள்ள காந்த நீக்கச் சுருள் தன் வேலையைச் செய்து கறையை அகற்றிவிடும். அப்போதும் போகவில்லையென்றால் அச்சுருளுக்கு மின்சாரம் தரும் தெர்மிஸ்டர் பழுதாகியிருக்கலாம், மாற்றிவிடலாம். ஆனால், பெட்டி கீழே விழுந்த பிறகு வந்த கறை என்றால் கதை வேறு. கண்ணாடிக்குப் பின்னேயுள்ள துளையிட்ட உலோகத் தகடு நெளிந்திருக்கும். அதற்கு மருந்தில்லை. அதைச் சொல்லாமல் காசு வாங்குகிற மெக்கானிக்கை நாம் ஆதரித்துப் பேசப் போவதில்லை.

படம் இருபுறமும் சுருங்கியிருந்தால் மின்வழங்கிப் பகுதியின் கண்டன்சரைப் பார்க்க வேண்டும். பெட்டியைப் போட்டு வெகுநேரம் கழித்து மங்கலாகப் படம் வந்தால், பெரும்பாலும் குழாய்க்கே முதுமை வந்துவிட்டது. இந்நாட்டில் படக்குழாய் செய்துவந்த பெரிய ஆலைகள் கதவடைத்துவிட்டன. உடைத்த பெட்டியிலிருந்து எடுத்த குழாய் கிடைத்தால்தான் உண்டு.

இவ்வளவையும் எழுதுவதால் எவரும் திருப்புளியை எடுத்துக்கொண்டு பெட்டியைத் திறந்துவிடலாகாது! படக்குழாயின் பக்கவாட்டில் ரப்பர் மூடியின் கீழே பாய்வது சுமார் 20,000 வோல்ட். அணைத்த பிறகும் அந்த மின்னேற்றம் குழாயில் தங்கியிருக்கும். அதை முறைப்படி இறக்கிவிட்டுக் கை வைக்கத் தெரிந்தவன் தொழிலாளி. சென்னை ரிச்சி தெருவிலும் மதுரையின் சந்துகளிலும் ஒற்றை மேசை போட்டு அமர்ந்திருக்கும் அவன் கல்லூரிப் பட்டம் பெற்றவனல்ல. ஆனால் அவன் கைக்குத் தெரிந்தது பல பட்டதாரிகளுக்குத் தெரியாது. அந்தக் கைகளைத்தான் இன்று கட்டிப்போடுகிறார்கள்.

எப்படி? புதிய எல்.இ.டி. பெட்டியைப் பாருங்கள். ஒலி கேட்கிறது, படம் இல்லை. இருட்டிலே டார்ச் விளக்கைத் திரையருகே பிடித்தால் மங்கலாக உருவம் அசைவது தெரியும். அப்படியானால் திரை சாகவில்லை. பின்னொளி தரும் சின்னஞ்சிறு விளக்குகளின் பட்டைதான் அணைந்திருக்கிறது. விளக்குகள் வரிசையாகக் கோக்கப்பட்டவை. ஆகவே ஒன்று எரிந்தாலும் பலவும் அணைகின்றன. மாற்ற வேண்டியது அந்தப் பட்டையை. ஆனால் கம்பெனி ஆள் வந்து என்ன சொல்கிறார்? “பேனல் போச்சும்மா, புதுசா வாங்கிடுங்க” என்கிறார்! பேனல் விலையோ பெட்டி விலையில் பெரும்பகுதி. கல்பட்டுத் திரை விரிசல் விட்டிருந்தால் அவர் சொல்வது நியாயம். விளக்குப் பட்டைக்கும் அதே தீர்ப்பா? தலைவலிக்காரனுக்குத் தலையை மாற்றச் சொல்லும் வைத்தியமல்லவா இது!

மெக்கானிக் சரி செய்யலாமே என்பீர்கள். சர்க்யூட் வரைபடம் அவனுக்குக் கிடைப்பதில்லை. அந்த மாடலுக்குரிய பட்டையும் போர்டும் கம்பெனி வழியே கிடைப்பது அரிது. பழைய பெட்டியிலே ஐ.சி.யின் எண்ணைப் படித்துக் கடைவீதியிலே வாங்கிவிடலாம். புதியதிலே மென்பொருளும் சேர்ந்து பூட்டுப் போடுகிறது. உடைமை நம்முடையது, உரிமை மட்டும் கம்பெனியுடையது!

டில்லி சர்க்கார் இதை அறியாததல்ல. பழுது பார்க்கும் உரிமைக்கென்று 2022 ஜூலையில் ஒரு குழு அமைத்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் ஓர் இணையதளம் திறந்தார்கள். பொருள் எவ்வளவு எளிதாகப் பழுது பார்க்கத்தக்கது என்று மதிப்பெண் இட மற்றொரு குழு. அதன் அறிக்கை 2025 மே மாதம் வந்தது. முதற்கட்ட முன்னுரிமை கைப்பேசிக்கும் டேப்லெட்டுக்கும் என்றது அறிக்கை. தொலைக்காட்சி? வரிசையில் நிற்கட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

ஐரோப்பாவிலே என்ன செய்தார்கள்? 2021 மார்ச் 1 முதல், ஒரு மாடலின் கடைசிப் பெட்டி சந்தைக்கு வந்து ஏழாண்டு வரை, மின்வழங்கி, கண்டன்சர், இணைப்பிகள் போன்ற உதிரிகளை மெக்கானிக்குகளுக்குத் தந்தாக வேண்டும் என்று சட்டம் செய்தார்கள். பதினைந்து வேலை நாளுக்குள் அனுப்ப வேண்டும் என்று கெடுவும் வைத்தார்கள். பிரான்சிலே 2021 முதல் கடையில் நிற்கும் பெட்டியின் மேலேயே பழுது பார்க்கும் மதிப்பெண்ணை ஒட்டினார்கள். அச்சட்டமும் முழுமையானதல்ல; பேனலை அந்த உதிரிப் பட்டியலில் சேர்க்கவில்லை. குறையுள்ளதேனும் சட்டம், சட்டம்தான். இங்கோ குழு, அறிக்கை, இணையதளம்!

வரியிலே பாருங்கள் வேடிக்கையை. 2025 செப்டம்பர் 22 முதல், 32 அங்குலத்துக்கு மேற்பட்ட பெட்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்தது. குறையட்டும், வாங்குகிறவர்கள் மகிழட்டும். 32 அங்குலமும் அதற்குக் கீழும் வாங்குகிறவனுக்கு முன்பும் 18, பின்பும் 18. பழுது பார்க்கும் கூலிக்கும் 18. உதிரிச் சாமானுக்கும் 18. சிறு மெக்கானிக் பதிவு எல்லைக்குள் வராதவன், ஆகவே கூலிக்கு வரி வாங்கமாட்டான்; ஆனால் உதிரிக்குக் கொடுத்த வரியைத் திரும்பப் பெறவும் அவனுக்கு வழியில்லை. அதை எங்கள் கிராமத்து அம்மா தலையிலேதான் ஏற்ற வேண்டும். மாளிகையின் சுவரை நிரப்பும் திரைக்கு வரிச் சலுகை, குடிசையின் பெட்டிக்கு ஒரு காசும் இல்லை. எவருக்காக எழுதிய கணக்கு இது?

பாதுகாப்பு கருதியே உதிரிகளை வெளியே விடுவதில்லை என்கிறார்கள் உற்பத்தியாளர்கள். பாதுகாப்பில் அத்தனை அக்கறையென்றால் உடைகின்ற பெட்டிகளைப் பற்றியும் பேசட்டுமே! பழைய குழாயின் பின்புறக் கூம்புக் கண்ணாடியில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் ஈய ஆக்சைடு. எக்ஸ் கதிரைத் தடுப்பதற்காகச் சேர்த்தது. செம்புக் கம்பிக்காகக் குப்பைமேட்டிலே அதைக் கல்லால் உடைப்பவர்கள் யார்? சிறுவர்களும் பெண்களும்! 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகள் பொறுப்பை உற்பத்தியாளர் மேல் வைத்திருக்கின்றன. காகிதத்திலே பொறுப்பு, கண்ணாடித் தூளோ நம் தெருவிலே.

மாநில சர்க்காரும் சும்மா இருக்க வேண்டியதில்லை. வரியும் உதிரிச் சட்டமும் டில்லியின் கையில் என்றாலும், ஐ.டி.ஐ.கள் நம் கையில். பின்னொளிப் பட்டை மாற்றவும் போர்டு பழுது பார்க்கவும் மாலை நேர வகுப்பு நடத்தி, அந்த ஒற்றை மேசை மெக்கானிக்குகளுக்குச் சான்றிதழ் கொடுக்கலாம். இலவசமாகப் பெட்டி வழங்கியபோது யார் யார் வீட்டுக்குப் போயிற்று என்று பதிவேடு எழுதியது சர்க்கார்தானே? உயிர் போன பெட்டிகளை ஊராட்சி அலுவலக வாசலிலே, உடைக்காமல், முழுசாகத் திரும்பப் பெற்று, பதிவு பெற்ற மறுசுழற்சி ஆலைக்கு லாரி ஏற்றி அனுப்பலாம். அந்த லாரிச் செலவை விதிகளின்படி உற்பத்தியாளரிடம் கேட்கலாம்.