படுதாவுக்குப் பின்னால் ஒரு குரல்

சபா நாடகங்களில் ப்ராம்ப்டர் என்று ஒருவர் இருப்பார். போஸ்டரில் பெயர் வராது. சைடு படுதாவுக்குப் பின்னால் நோட்டுப் புத்தகத்துடன் நின்றுகொண்டு, கதாநாயகன் திருதிருவென்று விழிக்கும்போதெல்லாம் அடுத்த வரியை எடுத்துக் கொடுப்பார். முன்வரிசைக்காரர்களுக்கு மட்டும் வசனம் இரண்டு தடவை கேட்கும்.

இப்போது வேலைக்கான இன்டர்வியூவுக்கும் ப்ராம்ப்டர் வந்துவிட்டார். பெயர், ஏ.ஐ. பெரும்பாலும் மாதச் சம்பளம்தான். ஆனால் அதை நாம் கொடுக்க வேண்டும், நமக்கு வேலை கிடைப்பதற்கு முன்பே!

வேலை செய்கிற விதம் எளிது. ஆன்லைன் இன்டர்வியூவில் எதிராளி கேட்பதை ஒட்டுக்கேட்டு, எழுத்தாக்கி, சாட்ஜிபிடி ரக மூளை ஒன்றுக்கு அனுப்பி, வந்த பதிலைத் திரை ஓரத்தில் காட்டும். எல்லாம் சில விநாடிகளில். அதை நீங்கள், அப்போதுதான் தோன்றிய மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு வாசிக்க வேண்டும். நடிப்பு மட்டும் சொந்தம்.

இதில் இரண்டு ரகம். "அண்ணே, எக்ஸ்டென்ஷன் போடலாமா, டெஸ்க்டாப் ஆப்பா?" என்று பி.காம். முடித்த பையன்கள் என்னிடம் கேட்கிறார்கள், ஸ்ப்ளெண்டரா பல்சரா என்று கேட்கிற மாதிரி. சொல்கிறேன்.

எக்ஸ்டென்ஷன் என்பது பிரவுசருக்குள் ஒட்டுக்குடித்தனம். இரண்டு க்ளிக்கில் குடிவரும், இரண்டு க்ளிக்கில் காலி செய்யும். கூகுள் மீட் மாதிரி பிரவுசரிலேயே நடக்கிற இன்டர்வியூ என்றால் அதன் காதில் விழும். கம்பெனிக்காரர்கள் "ஜூம் ஆப்பில் வாங்க" என்றுவிட்டால் சாதாரணமாக இதற்குக் காது அடைத்துப்போகும். "ஸ்க்ரீனை ஷேர் பண்ணுங்க" என்று சொல்லி, நீங்கள் முழுத் திரையையும் காட்டினால், ப்ராம்ப்டர் நோட்டும் கையுமாக மேடை நடுவில் நிற்பார். தவிர, பல எக்ஸ்டென்ஷன்கள் குடிவரும்போதே 'நீங்கள் போகும் எல்லாத் தளங்களிலும் உள்ள தகவல்களைப் படிக்கவும் மாற்றவும்' அனுமதி கேட்கும். அதில் உங்கள் பேங்க் பக்கமும் அடக்கம். நாம் படிக்காமல் 'ஓகே' தட்டுவோம்.

டெஸ்க்டாப் ஆப், தனி வீடு. ஜூமோ டீம்ஸோ, கம்ப்யூட்டரில் கேட்கும் எல்லாச் சத்தமும் அதற்குக் கேட்கும். முக்கியமான வித்தை வேறு. ஒரு ஜன்னல் உங்கள் கண்ணுக்குத் தெரியும். ஷேர் செய்த திரையில் மட்டும் தெரியாது. விண்டோஸ் 10-இன் 2020-ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்தே இதற்கு வசதி உண்டு. ரகசியமான விஷயங்கள் வெளியே போகாமல் காப்பதற்காக வைத்த கதவு. இவர்கள் அதன் வழியாக பிட்டு கொண்டுவருகிறார்கள். அதற்காக முழு மறைவு என்று நம்ப வேண்டாம். கண்காணிப்பு சாஃப்ட்வேர் போட்டு நடத்தும் தேர்வுகளில், பின்னால் என்னென்ன புரோகிராம் ஓடுகிறது என்ற பட்டியலே எதிராளிக்குப் போகலாம். இன்னும் சிலர் இதை இப்போதைய ஆபீஸ் லேப்டாப்பிலேயே ஏற்றப் பார்க்கிறார்கள். நீங்கள் வேலை மாறப் போகிற செய்தி மேனேஜருக்கு முன்னால் ஐ.டி. டிபார்ட்மென்ட்டுக்குத் தெரிந்துவிடும்.

இந்த மறை ஜன்னலை உலகப் பிரபலமாக்கியவர் ராய் லீ. நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழக மாணவர். 'இன்டர்வியூ கோடர்' என்ற டெஸ்க்டாப் ஆப்பைச் செய்து, அதை வைத்தே அமேசான் இன்டர்வியூவில் பதில் சொல்வதை வீடியோவாகவும் போட்டார். 2025-இல் பல்கலைக்கழகம் சஸ்பெண்ட் செய்தது. அந்த வருடம் ஏப்ரலிலேயே அவருடைய புதுக் கம்பெனி 'க்ளூலி'க்கு 53 லட்சம் டாலர் முதலீடு வந்தது. கூட்டாளி பெயர் நீல் சண்முகம். நம்மவர் பெயர் எங்கேயும் இருக்கும்!

சரி, மாட்டாமலே வாசித்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். என் சொந்த ஏரியாவிலிருந்து ஒரு கேள்வி: "சப்ளையர் அப்லோட் செய்யாத பில்லுக்கு எத்தனை சதவீதம் வரை இன்புட் கிரெடிட் எடுக்கலாம்?" 2019 அக்டோபரில் 20 சதவீதம். 2020 ஜனவரியில் 10. 2021 ஜனவரியில் 5. 2022 ஜனவரி 1 முதல் பூஜ்யம். பழைய கட்டுரைகளை எல்லாம் மேய்ந்த இயந்திரம் இந்த நாலில் எதை வேண்டுமானாலும், தயங்காமல், நல்ல இங்கிலீஷில் சொல்லும். சரியாகவே சொன்னாலும் அடுத்த கேள்வி வரும்: "போன மாசம் உங்க கம்பெனியில எத்தனை பில் அப்படி விட்டுப்போச்சு? என்ன செஞ்சீங்க?" போன மாசம் உங்கள் கம்பெனியில் ஏ.ஐ. இல்லை. நீங்கள்தான் இருந்தீர்கள்.

இதெல்லாம் அவரவர் தலைவிதி என்று விட்டுவிடலாம். விட முடியாத விஷயம் ஒன்று இருக்கிறது.

2020-இல் கொரோனா வந்தபோது நடந்த ஒரே நல்ல காரியம், இன்டர்வியூ வீட்டுக்கு வந்தது. அதற்கு முன்னால் தென்காசிப் பையன் சென்னையில் அரை மணி நேர இன்டர்வியூவுக்கு ராத்திரி முழுக்க பஸ்ஸில் உட்கார்ந்து வந்து, கட்டணக் குளியலறையில் குளித்து, பையில் மடித்த சட்டையைப் போட்டுக்கொண்டு போய், "சொல்லி அனுப்புறோம்" கேட்டுவிட்டு அடுத்த பஸ் ஏறுவான். ஒரு நடைக்கு ஆயிரம், ரெண்டாயிரம். அப்பாவிடம் கேட்க வேண்டிய ஆயிரம்.

அது நின்றது. இப்போது மறுபடி ஆரம்பிக்கிறது. 2025 ஜூனில் சுந்தர் பிச்சை, கூகுளில் ஒரு சுற்றாவது நேரில் நடத்தப்படும் என்று சொல்லிவிட்டார். அடிப்படை தெரிகிறதா என்று பார்க்கத்தான். மதுரையில் பிறந்தவர் சொல்வதை மற்ற கம்பெனிகளும் கேட்கும். உள்ளூர்க்காரன் ஆட்டோ பிடித்துப் போவான். செலவு முழுக்க கிளாம்பாக்கத்தில் விடிகாலை இறங்குகிறவன் தலையில். அவன் பிட்டே அடித்திருக்க மாட்டான்.

"எனக்கு விஷயம் தெரியும்ணே, இங்கிலீஷ்தான் தடுக்குது" என்கிறவர்களின் கஷ்டம் நிஜம். அவர்களுக்கு இதே ஏ.ஐ. நல்ல துணை - முந்தின வாரமே கூப்பிட்டால். "நீ மேனேஜர், என்னை இருபது கேள்வி கேள்" என்று சொல்லுங்கள். வாய்விட்டுப் பதில் சொல்லுங்கள். திருத்தச் சொல்லுங்கள். ஒத்திகையில் ப்ராம்ப்டர் தேவைதான். அதற்கு எக்ஸ்டென்ஷனும் வேண்டாம், ஆப்பும் வேண்டாம், கையில் இருக்கிற போனே போதும். இன்டர்வியூவில் தடுமாறினால் "ஒரு நிமிஷம் யோசிச்சு சொல்றேன் சார்" என்று சொல்லலாம். அதற்காக யாரையும் வெளியே அனுப்பியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

ஏனென்றால், சேர்ந்த முதல் நாள் மேனேஜர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, "இந்த மாச ஜி.எஸ்.டி. கணக்கை ஓப்பன் பண்ணுங்க தம்பி" என்பார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவர் கண்ணிலிருந்து ஜன்னலை மறைக்க இன்னும் எந்த ஆப்பும் வரவில்லை.