இடறல் வைத்தவர் யார்?

இடறி விழுந்தவர் மீதே பழி சுமத்துவது உலக வழக்கம். நானும் அதற்கு விலக்கல்ல.

2011-ஆம் ஆண்டு தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அக்காவுக்குக் கிடைத்த கணினியில்தான் நானும் படித்து வந்தேன். ஒருநாள் நடைவழியில் கிடந்த சார்ஜர் வயரில் தம்பியின் கால் இடறியது. கணினி கீழே விழவில்லை. ஆனால் அதன்பின் சார்ஜ் ஏறவில்லை. தம்பியைத் திட்டித் தீர்த்தேன்.

பழுது பார்ப்பவர் திறந்து காட்டினார். சார்ஜர் பின் நுழையும் துளை, உள்ளிருக்கும் பலகையில் ஈயப் பற்றினால் பொருத்தப்பட்டிருந்தது. வயரை வெடுக்கென இழுத்ததில் அப்பற்று விரிசல் விட்டிருந்தது. 2006-இல் ஆப்பிள் நிறுவனம் காந்தத்தால் ஒட்டும் பின்னைக் கொண்டுவந்தது. கால் பட்டால் அது தானே கழன்றுவிடும். எங்கள் கணினியில் அவ்வசதி இல்லை.

"மோட்டார் வயரை யாராவது நடக்கிற தடத்துல போடுவாங்களா, கண்ணு?" என்று அப்புச்சி கேட்டார். தலைகுனிந்தேன். வயரை வழியில் போட்டவள் நான்தானே!

தோழியரே! வயரைச் சுவரோரமாக, சற்றுத் தளர்வாக விடுவோம். கழற்றும்போது வயரை இழுக்காமல் பின்னின் தலையைப் பிடித்து நேராக எடுப்போம். பிறர் பாதையில் இடறல் வைக்காதிருப்பதும் பிறரன்பே அன்றோ!